மூன்று லிட்டர் தூரம்

சிறிய மின்கார்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கிச் சுற்றுச்சூழலில் முடிந்துவிடுகிறது; ஓட்டுபவரின் உடலுக்கும் மனத்துக்கும் அவ்வண்டியில் நேர்வது என்ன என்ற கேள்வி இடையில் நழுவிப்போகிறது. பின்பக்கம் முழுவதும் ஒரே கதவாக மேல்நோக்கித் திறக்கும் சிறுகார்களை ஹேட்ச்பேக் என்கிறார்கள். அத்தகைய ஒரு காரின் உடலிலிருந்து எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்தினால் கிடைப்பது, எப்படிப் பார்த்தாலும், சுகமான வண்டி. கிளட்ச் இல்லை, மாற்றுவதற்குக் கியர் இல்லை, சிக்னலில் நிற்கையில் இருக்கையின் அடியிலிருந்து ஏறிவரும் நடுக்கம் இல்லை. மாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் ஒரு மணி நேரமும் இடது காலுக்கு வேலையே கிடையாது. இருந்தும் அதை ஓட்டி இறங்குபவர் முழுதாக ஓய்ந்தவராகத் தெரிவதில்லை. முடியாத ஒரு கூட்டல் கழித்தலை மனத்தின் ஓரத்தில் வைத்திருப்பவரின் முகம் அவருக்கு. வழியில் நின்றுவிடுவோமோ என்ற அச்சமே காரணம் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதவில்லை. இருபது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டிய நாளில், பேட்டரியில் முக்கால் பங்கு மின்சாரம் மிச்சமிருக்கும்போதும், கண் அந்தச் சதவீத எண்ணின்மீது போய்ப் போய் மீள்கிறது. நின்றுவிடும் வாய்ப்பே இல்லாத பயணத்திலும் விடாமல் தொடரும் இந்தக் கவனத்தை அச்சம் என்று எப்படிச் சொல்வது?

விடையின் ஒரு பகுதி எண்களில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அறிமுகமான டாடா டியாகோ மின்காரின் பெரிய பேட்டரி 24 கிலோவாட் மணி கொள்ளளவு உடையது. ஒரு கிலோவாட் மணி என்பது மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கழிக்கப்படும் 100 யூனிட்டில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவானதே அந்தப் பேட்டரியில் அடங்கும். அதே ஆற்றலைப் பெட்ரோலின் அளவில் பார்த்தால் அதன் சிறுமை இன்னும் துலங்குகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய 9 யூனிட்டுக்குச் சமம். ஆகவே முழுதாக மின்னேற்றிப் புறப்படும் டியாகோ, உண்மையில் மூன்று லிட்டருக்கும் குறைவான பெட்ரோலுக்கு நிகரான ஆற்றலோடு புறப்படுகிறது. 17.3 யூனிட் பேட்டரியைக் கொண்ட எம்ஜி காமெட் என்ற சிறிய மின்காரில் இருப்பது இரண்டு லிட்டர்கூட இல்லை. இதே டியாகோவின் பெட்ரோல் வகையில் தொட்டியின் கொள்ளளவு 35 லிட்டர். அதில் ரிசர்வ் விளக்கு எரிந்த பிறகு மிஞ்சியிருக்கும் அளவில்தான் மின்கார் தன் காலையைத் தொடங்குகிறது. அந்த மூன்று லிட்டரைக் கொண்டு அது நடைமுறையில் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவிடுவது மோட்டாரின் திறமை. உள்ளே வரும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை மோட்டார் சுழற்சியாக மாற்றுகிறது. நகரத் தெருவில் ஓடும் பெட்ரோல் எஞ்சினோ எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒன்றைச் சக்கரத்துக்குச் சேர்த்தாலே பெரிது, மற்றதை ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாக வெளியே கொட்டிவிடுகிறது.

வீணாக்காத எந்திரம் என்பது பாராட்டுக்குரிய ஒன்று. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் சும்மா நின்றாலே எரிபொருளைக் குடிக்கும் என்பதால், ஏசியின் செலவு அந்தப் பெருஞ்செலவுக்குள் கலந்து முகம் தெரியாமல் போகிறது. ஆள்படை நிறைந்த பெரிய வீட்டில் யாரோ அணைக்காமல் விட்ட விளக்கு எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. மின்காரில் நிலைமை வேறு. சென்னையின் மே மாத வெயிலில் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் எடுப்பதாகக் கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் நெரிசலில் அது ஒவ்வொரு கிலோமீட்டர்மீதும் 0.05 யூனிட்டை ஏற்றுகிறது. வண்டி நகர்வதற்கே அந்த வேகத்தில் 0.1 யூனிட்தான் தேவைப்படும் என்னும்போது, குளிர்ச்சிக்கு மட்டும் ஓட்டத்தின் செலவில் பாதி சேர்ந்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் இதே ஏசி ஒரு பொருட்டே இல்லை. அங்கே வேறொன்று காத்திருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப உயர்வதால், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 90க்குப் போகும் வண்டி ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றோடு இரண்டேகால் மடங்கு போராடுகிறது. பெட்ரோல் எஞ்சின் நெடுஞ்சாலையின் பளுவில்தான் தன் சிறந்த திறனை எட்டும். காற்றினால் வரும் நட்டத்தில் ஒரு பகுதியை அந்தத் திறன் ஈடுகட்டிவிடுவதால் ஓட்டுபவருக்கு அது உறைப்பதில்லை. எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே திறனோடு இயங்கும் மோட்டாருக்கு அப்படி மறைத்துக்காட்ட எதுவும் இல்லை. குளிர்நாடுகளில் இதைவிடக் கொடுமை: பெட்ரோல் காரின் உள்ளறையைச் சூடாக்குவது எஞ்சின் வீணாக்கிய வெப்பம், ஆகவே இலவசம், மின்காரிலோ ஒவ்வொரு பாகை வெப்பமும் ஓடவேண்டிய தூரத்திலிருந்து கழிக்கப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் கார் ஓட்டியவர்களைக் கணக்குப் பார்ப்பதிலிருந்து காத்துவந்தது எரிபொருளின் மலிவு மட்டும்தானா, எஞ்சினின் ஊதாரித்தனமும் அதில் ஒரு பங்கு வகித்ததா என்ற ஐயம் இங்கே எழுகிறது.

ஓட்டும் உணர்வுக்கு வருவோம். டியாகோவின் பெட்ரோல் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகும் விசை, 113 நியூட்டன் மீட்டர். மின்மோட்டார் தருவது 114. ஏறத்தாழ ஒரே எண், ஒரே உடல், இருந்தும் இரண்டும் காலுக்கடியில் இருவேறு பிராணிகள். பெட்ரோலில் அந்த விசை எஞ்சின் நிமிடத்துக்கு 3300 சுற்று எட்டும்போதுதான் வரும். அதற்கு முன் ஒரு தயக்கம், ஒரு இரைச்சல், கிளட்சை விடுவதிலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதிலும் ஓட்டுபவரின் ஒரு சிறு சமரசம். மோட்டாரில் அது நின்ற நிலையிலிருந்தே கிடைக்கிறது. சிக்னல் பச்சையானதும் பக்கத்து வண்டிகள் முதல் கியரில் உறுமிக்கொண்டிருக்கும்போதே சிறிய மின்கார் சந்திப்பின் நடுவைத் தாண்டியிருக்கும்; அந்த இரண்டு மூன்று நொடிகளின் இன்பம் சிறுபிள்ளைத்தனமானது என்றாலும் பொய்யானதன்று. ஆனால் இந்த இன்பத்தைத் தருவது மோட்டார் மட்டும் என்று நினைத்தால் தவறு. காலின் அழுத்தத்துக்கும் மோட்டாரின் எழுச்சிக்கும் இடையில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. ‘ஸ்போர்ட்’ என்ற பொத்தானை அழுத்தியதும் அதே மோட்டார் துடிப்பாகிறது, மீண்டும் அழுத்தினால் சாதுவாகிறது. எஞ்சினின் குணம் உலோகத்தில் வார்க்கப்பட்டிருந்தது. இங்கே குணம் என்பது யாரோ ஒரு பொறியாளர் வரைந்த வளைகோடு, பொத்தானுக்குக் கட்டுப்பட்டது. அதில் குறை காண்பது பழமைவாதமாக இருக்கலாம். ஆயினும் எதிர்ப்பே காட்டாத ஒன்றோடு பழகுவதில், அதன் எல்லை எங்கே இருக்கிறது என்று உடலுக்குத் தெரியாமல் போகிறது. நகரின் வேகம் தாண்டி 80, 90 என்று ஏறும்போது முன்பிருந்த எழுச்சி மெல்ல வற்றுகிறது, ஒலியில் எந்த அறிவிப்பும் இன்றி. எதிரே லாரி வரும் இருவழிச் சாலையில் முந்துவதற்குத் துணிந்தவர் இதை அறிந்திருக்க வேண்டும், அறிவதற்கோ வண்டி எந்தக் குறிப்பும் தருவதில்லை.

எடையும் தன் பங்குக்கு வந்து சேர்கிறது. தரையின் அடியில் கிடக்கும் பேட்டரி வண்டியின் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவதால் வளைவுகளில் உடல் சாய்வது குறைகிறது, ஸ்டீயரிங் பிடித்தவருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. அதே எடையைத் தாங்குவதற்காகச் சுருள்வில்களை விறைப்பாக்க வேண்டியிருப்பதால், மெதுவாகப் போகையில் தெருவின் ஒவ்வொரு ஒட்டும் வெட்டும் முதுகுக்கு வந்துசேர்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் குறையக் குறைய இந்த ஆட்டம் கூடும். மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளமும் 12 அங்குலச் சக்கரமும் உடைய காமெட் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னும் பின்னுமாகத் தலையசைப்பது தவிர்க்க இயலாதது. சந்துக்குள் புகுந்து ஒரே வீச்சில் திரும்பும் அதன் எளிமையும் அதே குட்டை உடலால் வருவதுதான்.

காலை எடுத்தால் என்ன நேர்கிறது என்பது அழுத்தினால் என்ன நேர்கிறது என்பதைவிட ஆழ்ந்த விஷயம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எழுந்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுவையில் வண்டி வேகம் குறைகிறது. ஓட்டுபவர்கள் ‘ரீஜென்’ என்று சுருக்கமாகக் குறிப்பிடும் இந்த ஏற்பாட்டின் வலுவைச் சில வண்டிகளில் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அதிகம் வைத்தால் பிரேக்கைத் தொடாமலே நகரில் ஓட்டலாம், ஒரே மிதியில் போவதும் நிற்பதும் என்றாகிவிடும். ஓட்டுபவருக்கு இது சில நாள்களில் கைவந்துவிடும். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவரின் வயிற்றுக்கோ அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. எஞ்சின் ஒலியின் ஏற்ற இறக்கத்தை வைத்து அடுத்து வரப்போகும் அசைவை முன்கூட்டியே உணர்ந்துகொள்ளும் உடல், அந்தக் குறிப்பு இல்லாமல் போகும்போது தடுமாறுகிறது. பெட்ரோல் காரில் ஒருபோதும் குமட்டாதவர் மின்காரில் சன்னலை இறக்கச் சொல்வது இதனால்தான். ரீஜென்னின் வேறொரு விளைவு மனத்தில் நிகழ்கிறது. எதிரே சிக்னல் சிவப்பாவதைத் தொலைவிலேயே கண்டு காலை மெல்ல எடுத்து, மீட்டரில் பச்சைக் கோடு நீள்வதைப் பார்ப்பவர் ஒரு சிறு இலாபத்தை ஈட்டியவராகிறார். அடுத்த கணம் குறுக்கே பாயும் ஆட்டோவுக்காகப் பிரேக்கை ஓங்கி மிதித்தால் அது நட்டம். தெருவின் ஒவ்வொரு நிகழ்வும் வரவாகவோ செலவாகவோ உடனுக்குடன் மொழிபெயர்க்கப்படும் இருக்கையில் அமர்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பது கடினம். கிளட்ச் மிதித்த காலின் உழைப்பு ஒழிந்துவிடவில்லை; அது இடம் மாறித் தலைக்குள் ஏறிக்கொண்டது.

இந்த வரவுசெலவின் விசித்திரம் மலைப்பாதையில்தான் முழுதாக வெளிப்படுகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் உதகமண்டலத்துக்கும் இடையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம், 1900 மீட்டர் உயரம். நால்வர் அமர்ந்த சிறிய மின்காரின் எடை 1400 கிலோ என்று கொண்டால், அதை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் இயற்பியல் கேட்பது 7 யூனிட்டுக்குச் சற்று மேல். சக்கரத்தின் உராய்வையும் மோட்டாரின் சிறு இழப்பையும் சேர்த்தால் 24 யூனிட்டில் பாதி அந்த 50 கிலோமீட்டரில் கரைந்துபோகும். சமவெளியில் 100 கிலோமீட்டர் என்று பழகியிருந்த பாதிப் பேட்டரி, பர்லியாறும் குன்னூரும் கடந்து ஊட்டி ஏரிக்கு வருமுன் தீர்ந்திருக்கும். இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பிவரும் என்பது உண்மை. கீழே வந்து பார்க்கையில், மேலிருந்து புறப்பட்டபோது இருந்ததைவிடச் சதவீதம் கூடியிருப்பதும் உண்டு. ஆனால் விடுதியில் இரவெல்லாம் சார்ஜ் போட்டு, நூறு சதவீதத்தோடு இறங்கத் தொடங்கும் கவனமான ஓட்டுநருக்கு மலை ஒரு பாடம் வைத்திருக்கிறது. நிரம்பிய பேட்டரி மேலும் வாங்கிக்கொள்ளாது. வாங்க இடமில்லாதபோது ரீஜென் வலுவிழக்கும் அல்லது வேலையே செய்யாது. நம்பியிருந்த இழுவை இல்லாத வண்டி, பிரேக் வட்டுகளின் தயவில் மட்டும் கொண்டை ஊசி வளைவுகளை எதிர்கொள்ளும். உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் கல்லட்டிப் பாதையில், இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று எச்சரிக்கும் பலகைகள் நிற்கின்றன. இரண்டாவது கியர் என்ற ஒன்றே இல்லாத வண்டிக்கு அந்தப் பலகை சொல்வது என்ன? மலையேறும்போது குறைவாக வைத்திருப்பவன் தவிப்பான், இறங்கும்போது நிறைய வைத்திருப்பவன் தவிப்பான் என்கிற இந்த ஏற்பாட்டை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இன்னும் பாடமாக்கியதாகத் தெரியவில்லை.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது எல்லோரும் புகழ்கிற ஒன்று என்பதால். எஞ்சினின் ஒலி போனதும் வண்டிக்குள் அமைதி நிலவுவதில்லை. இதுவரை எஞ்சின் மூடி வைத்திருந்த ஒலிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. டயர் தார்ச்சாலையோடு உரசும் இரைச்சல், சக்கர வளைவின் உட்புறத்தில் மணல் தெறிப்பது, ஏசி கம்ப்ரசரின் முனகல், முன்பலகையின் மலிவான பிளாஸ்டிக் வெயிலில் விரிந்து நெறுநெறுப்பது. விலையுயர்ந்த மின்கார்கள் இரட்டைக் கண்ணாடியும் தடித்த விரிப்பும் கொண்டு இவற்றை அடக்குகின்றன. சிறிய காருக்கு அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது. வெளியிலோ சிக்கல் வேறு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதிய மின்கார்களும் 20 கிலோமீட்டருக்குக் குறைவான வேகத்தில் செயற்கையாக ஒலியெழுப்பியாக வேண்டும் என்ற விதி உண்டு. பின்னால் வரும் வண்டியைக் காதால் கண்டு விலகும் இந்தியத் தெருவில் ஒலியற்ற வண்டிக்கு மிஞ்சுவது ஹாரன்தான். அமைதியான எந்திரத்தை வாங்கியவர் மற்றவரைவிட அதிகமாக ஹாரன் அடிக்க நேர்வதை நகைமுரண் என்றும் சொல்லலாம். இந்த அமைதிக்கு ஒரு பழைய கதையும் உண்டு. அமெரிக்காவில் 1910களில் டெட்ராய்ட் எலக்ட்ரிக் போன்ற மின்கார்கள் பெண்களுக்கு உகந்தவை என்று விளம்பரப்படுத்தப்பட்டன. பெட்ரோல் காரை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலக்ட்ரிக்தான். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உசுப்பும் வலிமை தேவையில்லை என்பது அவற்றின் சிறப்பு. 1912இல் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர் வந்ததும் அந்தச் சிறப்பு போயிற்று. மின்காரை வீழ்த்தியதில் ஒரு சிறு மின்மோட்டாருக்கும் பங்கு இருந்தது.

முன்பலகையில் ஒளிரும் எண்ணுக்குத் திரும்பினால், அது அளவை அன்று என்பது முதலில் கவனிக்கத்தக்கது. பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கிறது; திரவம் இறங்கினால் அதுவும் இறங்கும். பேட்டரிக்குள் இறங்கும் பொருள் எதுவும் இல்லை. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியேறிய மின்னோட்டத்தையும் கூட்டிக் கழித்து, மின்னழுத்தத்தைப் பார்த்துச் சரிசெய்து, மீதி இவ்வளவு இருக்கலாம் என்று கணினி ஊகிக்கிறது. இந்தியச் சிறு மின்கார்களில் பரவலாகியிருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் வெப்பத்தைத் தாங்குவதிலும் நீடித்து உழைப்பதிலும் நல்ல பெயர் பெற்றது. அதன் மின்னழுத்தமோ எண்பது சதவீதத்திலும் நாற்பது சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நடுப்பகுதியில் எங்கே நிற்கிறோம் என்று அந்தக் கலம் தன் வாயால் சொல்லாது, ஆகவே ஊகத்தில் பிழை சேரும். அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றினால்தான் கணினி தன் கணக்கை நேர்செய்துகொள்ள முடியும். எஞ்சிய தூரம் என்று காட்டப்படும் கிலோமீட்டரோ ஊகத்தின்மீது கட்டிய இன்னொரு ஊகம், நேற்று ஓட்டிய விதத்தில் நாளையும் ஓட்டுவார் என்று நம்புவது. டியாகோ அறிமுகமானபோது அறிவிக்கப்பட்ட 315 கிலோமீட்டர், உருளைகளின்மேல் நிறுத்திய வண்டியை வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டிப் பெறும் சோதனை எண். அதற்கும் சாலையில் கிடைக்கும் 200க்கும் இடையிலுள்ள வெளியில்தான் உரிமையாளரின் மனம் குடியிருக்கிறது.

பெரிய பேட்டரி வைத்தால் தீராதா என்று கேட்கலாம். ஒவ்வொரு யூனிட்டும் ஏழெட்டு கிலோ எடையைக் கொண்டுவரும், விலையையும் ஏற்றும். ஒரு கட்டத்துக்குமேல் அது சிறிய கார் என்ற பெயருக்கு உரியதாக இராது. 2001இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா மின்கார் இந்த இக்கட்டை வேறு விதமாகக் கடந்தது. வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதைப் போன்ற ஈய அமில பேட்டரி, 80 கிலோமீட்டர் தூரம், பெரியவர் இருவரும் பிள்ளைகள் இருவரும் நெருங்கி அமரும் இடம். தன்னை முழுமையான கார் என்று அது ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை, பார்ப்பவரும் அப்படி எண்ணவில்லை. இன்றைய சிறு மின்காரின் சங்கடம் அது பெட்ரோல் காரின் முகத்தோடு வருவதில் இருக்கிறது. முகம் ஒன்றாக இருப்பதால் எதிர்பார்ப்பும் ஒன்றாக இருக்கிறது, தொட்டி மட்டும் மூன்று லிட்டராகச் சுருங்கிவிட்டது. வீட்டில் இன்னொரு பெரிய பெட்ரோல் காரும் நின்றால், இந்தச் சுருக்கம் ஒரு குறையே ஆகாது. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. ஒரே கார் வாங்க வசதியுள்ளவருக்குத்தான் அதன் எல்லைகள் அனைத்தும் வாழ்க்கையின் எல்லைகளாகின்றன. 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் செருகினால் ஓர் இரவில் நிரம்பிவிடும் என்பது சொந்த வாசல் உள்ளவருக்கான வாக்கியம். அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் குடியிருப்பவர், தரைத்தளத் தூணுக்குத் தன் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்கக் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதம் பெற வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். எல்லாம் கூடிவந்த பிறகு, எர்த் சரியாக இல்லை என்று சார்ஜர் மின்சாரத்தை ஏற்க மறுக்கும். தெருவோரம் வண்டி நிறுத்துபவருக்கு இத்தனை படிகளும்கூட இல்லை. சிறிய வண்டி யாருக்காகச் சிறியதாக்கப்பட்டதோ அவரிடம் அதை நிறுத்தும் சுவர் இல்லாமல் போவது, தொழில்நுட்பம் தனியாகத் தீர்க்கக்கூடிய குறையன்று.

காலம் செல்லச் செல்ல மூன்று லிட்டரும் மூன்று லிட்டராக நிற்பதில்லை. 2010களின் நடுவில், இறக்குமதி வரி குறைவாக இருந்த காலத்தில், ஜப்பானில் ஓடிய நிசான் லீஃப் மின்கார்கள் பெரும் எண்ணிக்கையில் இலங்கைக்கு வந்திறங்கின. தொடக்கக் கால லீஃபின் பேட்டரியும் 24 யூனிட்தான். அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லாததால் வெப்ப நாடுகளில் அது விரைவாகத் தேய்ந்தது. மீட்டரின் ஓரத்தில் அடுக்கிய 12 கட்டங்கள் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும். முதல் கட்டம் மறையும்போதே ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போயிருக்கும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு, மின்கலத்தின் வேதியியலும் வேறு. டியாகோவின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதமும் இருக்கிறது. ஆனால் ஹேட்ச்பேக் என்பது இரண்டாம் மூன்றாம் கைக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, முதல் கார் வாங்கும் குடும்பங்கள் பலவற்றின் நுழைவாயில் அந்தப் பழைய வண்டிச் சந்தை. அங்கே ஒரு பெட்ரோல் காரைப் பார்க்கப் போகிறவர் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப்போவார். அவர் எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுப்பார், ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார், சைலன்சர் புகையின் நிறத்தைக் கவனித்துவிட்டு ஓரமாக அழைத்து விலையைச் சொல்வார். மின்காரின் முன்னே அவருடைய காதுக்கும் கண்ணுக்கும் அகப்படுவது எதுவும் இல்லை. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வண்டியின் கணினியே சொல்லும் எண்ணை நம்பலாம். நம்பாதவர் நூறு சதவீதம் ஏற்றிய வண்டியை வாங்கி, அது வற்றும்வரை ஒரு பகல் முழுவதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குச் சாவியைக் கொடுக்கும் வியாபாரி எந்தச் சந்தையிலும் இருக்கமாட்டார்.